நாய்க்கு ஒரு நடை, நமக்கு நாலு நாட்டுக் கதை! தெரியுமா?

ஊரின் பேரே 'கெலெர்ட்டின் கல்லறை'. அந்தக் கெலெர்ட் மனிதன் இல்லை, நாய்! அப்படிச் சொல்லிக்கொள்ளும் கிராமம் ஒன்று வேல்ஸில் இருக்கிறது, தெரியுமா? பெத்கெலெர்ட். வேல்ஸிலேயே உயர்ந்த மலையான ஸ்நோடன் (1,085 மீட்டர்) பக்கத்தில், கொல்வின் ஆறு க்ளாஸ்லின் ஆற்றில் வந்து விழும் இடத்தில், சாம்பல் நிறக் கல்வீடுகளும் ஒரு கல்பாலமுமாக இருக்கிற சின்ன ஊர். குடியிருப்பவர்கள் சில நூறு பேர்தான்.

இங்கே காலையில் நாயைக் கூட்டிக்கொண்டு ஆற்றோரம் நடக்கக் கிளம்புங்கள். கல்லறை வரைக்கும் மேடு பள்ளம் இல்லாத பாதை, சும்மா நடந்தாலே சீக்கிரம் போய்விடலாம். ஆனால் போக முடியாது! பத்தடிக்கு ஒருதரம் நாய் நிற்கும். ஏன் நிற்கிறது தெரியுமா? நம் மூக்கில் வாசனை அறியும் செல்கள் சுமார் 50 லட்சம். நாய்க்கு, இனத்தைப் பொறுத்து, 20 கோடிக்கும் மேலேகூடப் போகும்! ஒரு விநாடியில் ஐந்து தடவை மோப்பம் பிடிக்கும். அதைவிட ஆச்சரியம், உள்ளே இழுக்கிற காற்று மூக்கின் முன்துளை வழியாகப் போகிறது, வெளியே விடுகிற காற்று பக்கவாட்டுக் கீற்று வழியாக வருகிறது. மோந்துகொண்டிருக்கும் வாசனையைத் தன் மூச்சே ஊதிக் கலைத்துவிடாமல் இருக்க இப்படி ஓர் ஏற்பாடு. 'வா, வா' என்று சங்கிலியைப் பிடித்து இழுக்கிறோமே, பாவம், பாதி படிக்கும்போது புத்தகத்தைப் பிடுங்குகிற வேலை அது.

மோந்து முடித்ததும் காலைத் தூக்கும். எவ்வளவு உயரம் தூக்குகிறது என்று யாராவது அளப்பார்களா? அளந்தார்கள்! அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பெட்டி மக்குவயர் குழு ஆண் நாய்களைப் படம் பிடித்து, கோணம் கணக்கிட்டு, 2018இல் வெளியிட்டது. குட்டையான நாய்கள்தான் காலை அதிகக் கோணத்தில் தூக்குகின்றன. அடுத்து வந்து மோக்கிற நாய் 'யப்பா, பெரிய ஆள் போலிருக்கு' என்று நினைக்கட்டும் என்பதாக இருக்கலாம் என்கிறார்கள். அதாவது, பொய் சொல்கிறது! சிறுநீரில்!

இன்னொன்று. மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள பாலூட்டி எதுவானாலும் சிறுநீர்ப்பையைக் காலி செய்ய எடுத்துக்கொள்ளும் நேரம் சராசரியாக 21 விநாடிதான், தெரியுமா? நாயும் அவ்வளவு, யானையும் ஏறக்குறைய அவ்வளவு! 2014இல் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தார் கண்டது. யானையின் சிறுநீர்க்குழாய் நீளம், அதனால் இறங்கும் வேகம் அதிகம். அவ்வளவுதான் ரகசியம். அடுத்த வருஷமே இக் நோபல் கொடுத்துவிட்டார்கள்.

வெளிக்குப் போவதற்கு முன்னால் நாய் வட்டமடிக்கிறதே, அதையும் விடவில்லை. செக், ஜெர்மன் ஆய்வாளர்கள் 37 இனங்களைச் சேர்ந்த 70 நாய்களின் பின்னாலேயே அவற்றை வளர்ப்பவர்களை அனுப்பி, 1,893 தடவை குறித்து வைத்தார்கள். பூமியின் காந்தப்புலம் சலனமில்லாமல் இருக்கும் நேரத்தில் நாய்கள் வடக்குத் தெற்காக நின்றே காரியத்தை முடிக்க விரும்புகின்றனவாம்! 2013இல் வந்த ஆய்வு, இதற்கும் இக் நோபல். ஆய்வைவிட, கையில் திசைகாட்டியும் குறிப்பேடுமாகப் பின்னாலேயே நின்ற அந்த நாய்க்காரர்களின் பொறுமைதான் எனக்கு அதிசயம்.

சரி, பாலத்தைத் தாண்டியாயிற்று. எதிரே ஒருவர் தம் நாயோடு வருகிறார். 'போரே தா' என்று வேல்ஷ் மொழியில் காலை வணக்கம் சொல்கிறார். குனிந்து உங்கள் நாயின் காதைச் சொறிகிறார். நாயின் பேரைக் கேட்கிறார், வயதைக் கேட்கிறார், அடுத்த முறை பார்த்தால், போன வாரம் கால் நொண்டியதே தேவலையா என்பார். உங்கள் பேரைக் கேட்கவே மாட்டார்! பிரிட்டனில் வருஷக்கணக்காகத் தினம் பார்த்துப் பேசுகிறவர்கள்கூட ஒருவரையொருவர் 'மோலியின் அம்மா', 'சார்லியின் அப்பா' என்றுதான் தெரிந்து வைத்திருப்பார்கள். அறிமுகமில்லாதவரிடம் மழையைத் தவிர வேறு எதையும் பேசத் தயங்குகிற நாட்டில் இது சாமானியக் காரியமா?

நாய் இருந்தால்தான் பேசுகிறார்களா, அல்லது நல்ல சட்டை போட்டிருந்தாலும் பேசுவார்களா? அதையும் சோதித்துவிட்டார்கள்! வார்விக் பல்கலைக்கழகத்தின் மக்நிக்கலஸும் காலிஸும் 2000இல் வெளியிட்ட ஆய்வு இது. ஒரே மனிதரை ஒருநாள் டிப்டாப்பாகவும் ஒருநாள் கந்தல்கோலத்திலும் நிறுத்தினார்கள், நாயோடும் நாயில்லாமலும். உடை கொஞ்சம் வித்தியாசம் காட்டியது. ஆனால் பெரிய வித்தியாசம் காட்டியது நாய்தான். நாய் கூட இருந்தால் கந்தல்காரரிடமும் வந்து பேசினார்கள்! வட அயர்லாந்தில் டெபோரா வெல்ஸ் இன்னும் ஒருபடி மேலே போனார். ஒரு பெண்ணின் பக்கத்தில் லாப்ரடார் குட்டி, வளர்ந்த லாப்ரடார், ராட்வைலர், கரடிபொம்மை, செடித்தொட்டி என்று மாற்றி மாற்றி வைத்து, கடந்துபோன 1,800 பேர் என்ன செய்தார்கள் என்று பார்த்தார். லாப்ரடாருக்குச் சிரிப்பும் பேச்சும் கிடைத்தன. ராட்வைலரைக் கண்டவர்களில் பலர் பார்க்காத மாதிரி போனார்கள். பொம்மையையும் செடியையும் முறைத்துப் பார்த்தார்கள், ஆனால் அதிகம் பேர் வாய் திறக்கவில்லை. செடித்தொட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கப்போனால் சிநேகிதம் கிடைக்காது என்பது இதனால் நிரூபணமாகிறது!

நாம் பேசும்போது நாய்கள் இரண்டும் வாலாட்டுகின்றனவே, எந்தப் பக்கம் என்று கவனித்ததுண்டா? 2007இல் இத்தாலிய ஆய்வாளர்கள் 30 நாய்களைப் பார்த்துச் சொன்னது: வளர்ப்பவரைக் கண்டால் வால் வலப்பக்கம் அதிகமாகச் சாய்ந்து ஆடும். அறிமுகமில்லாத முரட்டு நாயைக் கண்டால் இடப்பக்கம். இதை எதிரே நிற்கும் நாய் கண்டுகொள்ளுமா? கொள்ளும்! இடப்பக்க வாலாட்டத்தைத் திரையில் காட்டியபோது பார்த்த நாய்களின் இதயத்துடிப்பு எகிறியது.

கழுத்துப் பட்டையைக் குனிந்து பாருங்கள். வீட்டுக்காரர் பேரும் முகவரியும் இருக்கும். பொது இடத்தில் அப்படி இருக்கவேண்டும் என்பது 1992 ஆணை. தோலுக்கடியில் மைக்ரோசிப்பும் 2016 முதல் கட்டாயம். ஆனால் நாய் வளர்க்க உரிமம் வேண்டாம். இருந்ததை 1987இல் எடுத்துவிட்டார்கள். கடைசிக் கட்டணம் 37 பென்ஸ்! வசூலிக்கும் செலவே அதைவிடக் கூடுதல்.

ஊர் எல்லை வந்தால் கம்பிக்கதவு. அதற்கு அப்பால் ஆடுகள். வேல்ஸில் மனிதர் சுமார் 31 லட்சம், செம்மறியாடு ஏறக்குறைய அதைப்போல மூன்று பங்கு! இங்கே சங்கிலியைக் கழற்றினால் சிரித்த முகங்கள் எல்லாம் மாறிவிடும். பொதுமக்கள் நடக்க அனுமதியுள்ள திறந்தவெளியில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை சங்கிலி இரண்டு மீட்டருக்கு மேல் நீளக்கூடாது. ஆடு பக்கத்தில் இருந்தால் எந்த மாதமானாலும் அதே விதி. ஆட்டைத் துரத்தும் நாயை, வேறு வழியே இல்லாத நிலையில், விவசாயி சுட்டுவிட்டாலும் சட்டத்தில் அவருக்குப் பாதுகாப்பு உண்டு, தெரியுமா? 1971ஆம் வருஷச் சட்டம். கடுமைதான். ஆனால் சினை ஆடு மிரண்டு ஓடினாலே குட்டி கலைந்துவிடக்கூடும் என்பது ஆட்டுக்காரருக்குத்தானே தெரியும்.

அதே ஆட்டை விசிலுக்கு ஓட்டுகிற கிடை நாய்களுக்கும் இதுதான் சீமை. பிரிட்டனின் முதல் கிடைநாய்ப் போட்டி 1873 அக்டோபர் 9 அன்று பெத்கெலெர்ட் இருக்கும் இதே குவினெத் பகுதியின் பாலா ஊரில் நடந்தது. வேல்ஸில் நடந்த போட்டியில் ஜெயித்தவர் வேல்ஸ்காரர் இல்லை! அங்கே வந்து குடியேறிய ஜேம்ஸ் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், அவருடைய ட்வீட் என்ற நாயோடு.

இதோ, மரத்தடியில் வேலி போட்ட கல்லறை. கதை என்னவென்றால், 13ஆம் நூற்றாண்டு, வேல்ஸ் இளவரசர் மகா லவெலின். இங்கிலாந்து அரசர் ஜானின் மகளைக் கட்டியவர். வேட்டைக்குப் போனார், செல்ல நாய் கெலெர்ட் கூட வரவில்லை. திரும்பி வந்தால் தொட்டில் கவிழ்ந்து கிடக்கிறது, குழந்தையைக் காணோம், நாயின் வாயெல்லாம் ரத்தம். வாளை உருவிக் குத்திவிட்டார். நாய் சாகும் சத்தத்தோடு ஒரு குழந்தையின் அழுகை. தொட்டிலுக்கு அடியில் குழந்தை பத்திரமாக, பக்கத்தில் செத்த ஓநாய்! இளவரசர் அதன்பின் சிரிக்கவே இல்லையாம். பிறகு ஸ்பென்சர் என்ற கவிஞர் இதைப் பாட்டாக எழுத, இசைமேதை ஹைடன் மெட்டோடு சேர்த்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டாயிற்றா? கல்லறைக்குள் நாயே இல்லை என்பது தெரியுமா! 1790களில் ஊருக்கு வந்த டேவிட் பிரிச்சர்ட் என்ற ஓட்டல்காரர், வியாபாரம் பெருகட்டும் என்று கதையை ஊரோடு ஒட்டி, கல்லையும் நட்டுவைத்தார் என்றே சொல்கிறார்கள். ஊர்ப்பேர் பழங்காலத் துறவி ஒருவருடையதாக இருக்கலாம்.

ஆனால் கதை அவர் சொந்தச் சரக்கும் இல்லை! பிரான்ஸில் லியோன் நகருக்குப் பக்கத்தில் இதே கதை, ஓநாய்க்குப் பதில் பாம்பு. அநியாயமாகச் செத்த கினிஃபோர் என்ற அந்த நாயைக் கிராமத்து மக்கள் புனிதராகவே கும்பிட்டார்கள், நோயாளிக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். 13ஆம் நூற்றாண்டில் ஸ்டீஃபன் என்ற டொமினிக்கன் துறவி எலும்பைத் தோண்டி எரிக்க வைத்தார். என்ன பயன்? 19ஆம் நூற்றாண்டிலும் தாய்மார் அங்கே போய்க்கொண்டுதான் இருந்தார்கள்!

இன்னும் கிழக்கே வந்தால் நாய் கீரிப்பிள்ளை ஆகிவிடுகிறது. ஆம், நம் பாட்டி சொன்ன அதே கீரிப்பிள்ளை! பஞ்சதந்திரத்தில் இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையிலும் இருக்கிறது. பிள்ளையைக் காக்கப் பாம்பைக் கொன்ற கீரியை அவசரப்பட்டுக் கொன்றுவிட்ட பார்ப்பனியின் பாவம் தீரத் தானம் செய்து, விட்டுப்போன கணவனோடு அவளைச் சேர்த்துவைத்தவன் யார் தெரியுமா? கோவலன்! அவன் செய்த நல்ல காரியங்களின் பட்டியலில் இதுவும் ஒன்று.

நாய்க்கு நிஜமாகவே இடம் தந்த கல் பார்க்கவேண்டுமா? வேல்ஸுக்குப் போகவேண்டாம். திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூர் போதும். முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், 7ஆம் நூற்றாண்டில், எருமைகளைக் காத்துச் செத்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு நட்ட நடுகல். கல்லில் அவன் பக்கத்தில் அவன் நாயும் நிற்கிறது. இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்த கதையையும் நாயின் பேரையும் சேர்த்தே வெட்டி வைத்திருக்கிறார்கள். பேர் கோவிவன்.