எதைச் செய்யாமல் விடுவது?

மென்பொருள் நிறுவனத்தில் இன்ஜினியர் நிரல் எழுதுகிறார், டிசைனர் திரையை வடிவமைக்கிறார், சேல்ஸ்காரர் விற்கிறார். அப்படியானால் ப்ராடக்ட் மேனேஜருக்கு என்ன வேலை? பல ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கும் என்னிடம் சொந்தக்காரர்கள் இன்றும் கேட்கும் கேள்வி இது. எதைச் செய்வது, எதை முதலில் செய்வது, எதைச் செய்யாமல் விடுவது என்று தீர்மானித்து, அதன் விளைவுக்குப் பொறுப்பேற்பதுதான் வேலை. இதில் மூன்றாவதுதான் கடினம்.

இந்த வேலை பிறந்தது சோப்பு வியாபாரத்தில். 1931-இல் அமெரிக்காவின் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில் கேமே சோப்பின் விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நீல் மெக்கெல்ராய், ஒவ்வொரு பிராண்டுக்கும் முழுப் பொறுப்பாக ஓர் ஆள் வேண்டும் என்று மேலிடத்துக்குக் குறிப்பு எழுதினார். பின்னாளில் அவர் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சராகவும் ஆனார். மென்பொருள் துறைக்கு வந்தபோது இந்தப் பதவியில் பொறுப்பு தங்கிவிட்டது. அதிகாரம் பெரும்பாலும் வரவில்லை. இன்ஜினியர்கள் ப்ராடக்ட் மேனேஜருக்குக் கீழே வேலை செய்பவர்கள் அல்ல. உத்தரவு போட முடியாது, காரணம் சொல்லித்தான் சம்மதிக்க வைக்க வேண்டும். அந்தக் காரணம் வாடிக்கையாளரிடமிருந்து வர வேண்டும்.

ஆனால், வாடிக்கையாளர் கேட்பதையெல்லாம் செய்துகொடுப்பது இதற்கு வழியல்ல. "எக்ஸெல்லில் இறக்கிக்கொள்ள ஒரு பட்டன் வையுங்கள்" என்பார். எதற்கு என்று கேட்டால், திங்கள்கிழமை காலையில் மேலாளருக்குக் கணக்கு அனுப்ப வேண்டும் என்பார். அப்போது அவருக்குத் தேவை பட்டன் அல்ல; அந்தக் கணக்கு தானாகவே மேலாளரின் மெயிலுக்குப் போவது. கேட்ட பொருளுக்குப் பின்னால் இருக்கும் சிரமத்தைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு வரி நிரல்கூட எழுதக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

வாய் சொல்வதைவிடக் கை செய்வதைப் பார்ப்பது இன்னும் மேல். இதற்கு இன்ஸ்டாகிராமை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அதை நிறுவிய கெவின் சிஸ்ட்ரம் சான் ஃபிரான்சிஸ்கோவில் முதலில் உருவாக்கிய செயலியின் பெயர் பர்பன். இருக்கும் இடத்தைப் பதியலாம், நண்பர்களோடு திட்டம் போடலாம், புள்ளிகள் சேர்க்கலாம், படமும் போடலாம். அவரும் இணை நிறுவனர் மைக் க்ரீகரும் பயன்பாட்டைக் கவனித்தபோது, மக்கள் விரும்பிச் செய்தது படம் போடுவதை மட்டுமே என்று தெரிந்தது. படம், கருத்து, லைக் ஆகியவற்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை வெட்டினார்கள். படத்தை அழகாக்க ஃபில்டர்களைச் சேர்த்தார்கள். இன்ஸ்டாகிராம் என்ற பெயரில் 2010 அக்டோபர் 6-ஆம் தேதி அது வெளியான முதல் நாளிலேயே சுமார் 25,000 பேர் சேர்ந்தார்கள். 2012-இல் 100 கோடி டாலருக்கு அதை வாங்குவதாக ஃபேஸ்புக் அறிவித்தது. உழைத்துக் கட்டியதைத் தன் கையாலேயே வெட்டுவதற்கு வேண்டிய துணிச்சலை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இதற்கு நேர்மாறானது கூகுள் வேவ். மின்னஞ்சல், அரட்டை, ஆவணம் எல்லாம் ஒன்றாக வந்த அதை 2009 மே மாதம் அறிவித்தார்கள். தொழில்நுட்பத்தில் குறையில்லை, ஆனால் இதை எதற்குப் பயன்படுத்துவது என்றுதான் பலருக்கும் விளங்கவில்லை. 2010 ஆகஸ்டில் அதன் வளர்ச்சிப் பணியை நிறுத்துவதாகக் கூகுளே அறிவித்தது.

ஒரு ஃபீச்சரைச் சேர்த்துவிட்டால் செலவு அதோடு முடியாது. ஒவ்வொரு வெளியீட்டிலும் அதைச் சோதிக்க வேண்டும், சப்போர்ட்டில் இருப்பவர் அதற்குப் பதில் சொல்ல வேண்டும், புதிதாக வருபவர் அதைத் தாண்டித்தான் தனக்கு வேண்டியதைத் தேட வேண்டும். பின்னால் எடுக்கப் போனால், அதை நம்பியிருக்கும் சிலர் சண்டைக்கு வருவார்கள். அவர்கள் கோபம் நியாயமானதும்கூட.

ஒரு ஃபீச்சரைக் கேட்பவரிடம் 'இப்போது இல்லை' என்பதும் ஒரு நேர்மையான பதில்தான். 2007-இல் வந்த ஐபோனில் காப்பி-பேஸ்ட் கிடையாது. பலர் குறைப்பட்டுக்கொண்டார்கள். 2009-இல்தான் அது வந்தது.

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். எதை எப்போது செய்வது என்ற ரோட்மேப் போட அவசரப்படாதீர்கள். முதலில் சப்போர்ட் பிரிவில் போய் உட்கார்ந்து, வரும் அழைப்புகளைக் கேளுங்கள். எந்த வாரமும் அதை விட்டுவிடாதீர்கள்.