ஃபைபரா, காப்பரா? குறைந்த பட்ஜெட்டில் நெட்வொர்க் கேபிள் போடுவது எப்படி?

ஒரு பள்ளிக்கூடம். பழைய கட்டடத்தில் இருக்கும் அலுவலகத்துக்கு பிராட்பேண்ட் வந்துவிட்டது. கம்ப்யூட்டர் லேப் மைதானத்துக்கு அந்தப் பக்கம், புதுக் கட்டடத்தில். நடுவே 140 மீட்டர். பெற்றோர் ஆசிரியர் கழகம் கொஞ்சம் பணம் திரட்டியிருக்கிறது. "எல்லாமே ஃபைபரா போட்டுடலாம் சார்" என்கிறார் ஒருவர். "எதுக்கு வீண் செலவு, காப்பரே போதும்" என்கிறார் இன்னொருவர். இப்படி ஒரு நிலைமை என்றால் யார் சொல்வது சரி?

இரண்டு பேர் சொல்வதும் பாதி சரி. எந்த இடத்துக்கு எது என்று பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

100 மீட்டர் கணக்கு

கேட் 5இ, கேட் 6 போன்ற காப்பர் கேபிள்களில் ஈத்தர்நெட் இணைப்புக்கு வரையறுக்கப்பட்ட தூரம் 100 மீட்டர். அதைத் தாண்டினால் சில நாள் வேலை செய்யும், சில நாள் விட்டு விட்டு வரும். "நடுவுல ஒரு ஸ்விட்ச் வச்சா போச்சு" என்பார்கள். ஆனால் மைதானத்தின் நடுவே அதற்குக் கரன்ட் வேண்டும், மழை படாத பெட்டி வேண்டும். பழுதாகும் இடம் ஒன்று கூடுகிறது, அவ்வளவுதான். சிங்கிள் மோட் ஃபைபருக்கோ சில கிலோமீட்டர் தூரம்கூடப் பிரச்சினை இல்லை.

மின்னல் அடித்தால்?

தூரம் 60 மீட்டர்தான் என்றாலும், இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஃபைபர்தான் நல்லது. காரணம், காப்பர் மின்சாரத்தைக் கடத்தும். பக்கத்தில் மின்னல் விழுந்தால், அந்த அதிர்ச்சி கேபிள் வழியாக ஓடி இரண்டு முனைகளிலும் உள்ள ஸ்விட்ச், கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் எரித்துவிடலாம். ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னலோடு மழை பெய்யும் ஊர்களில் இது சின்ன விஷயம் இல்லை. ஃபைபர் என்பது கண்ணாடி இழை. அதில் ஓடுவது ஒளி. எலி கடிக்காமல் இருக்க இரும்புக் கவசம் போட்ட ஃபைபர் வாங்கினால், அந்தக் கவசத்தை மட்டும் முறையாக எர்த் செய்ய வேண்டும்.

லேப்புக்குள் காப்பர் போதும்

கம்ப்யூட்டர், பிரின்டர் எல்லாவற்றிலும் இருப்பது காப்பர் கேபிள் சொருகும் இடம்தான். ஒவ்வொன்றுக்கும் ஃபைபர் இழுத்தால் கூடுதல் கருவிகளுக்கே பணம் கரைந்துவிடும். கேட் 5இ கேபிளே நொடிக்கு 1 ஜிகாபிட் வேகம் தரும். சிசிடிவி கேமரா, வைஃபை கருவிக்குத் தேவையான மின்சாரத்தையும் 'பிஓஇ' முறையில் அதே காப்பர் கேபிளில் அனுப்பலாம். ஃபைபரில் அது முடியாது. முனை பிய்ந்துபோனால் உள்ளூர் ஆளே கிரிம்பிங் டூலால் சரிசெய்துவிடுவார். ஃபைபர் அறுந்தால் ஸ்ப்ளைஸிங் மெஷினோடு ஆள் வர வேண்டும்.

பணம் எங்கே போகிறது?

ஃபைபரில் பெரும் செலவு கேபிளுக்கு இல்லை. முனைகளை ஒட்டும் கூலி, இரு பக்கமும் வைக்கும் மீடியா கன்வர்ட்டர், குழி தோண்டும் செலவு ஆகியவற்றுக்குத்தான். அதனால் தோண்டும்போதே பெரிய பைப்பாகப் போட்டு, இரண்டு இழைக்குப் பதில் ஆறு இழை உள்ள கேபிளாக இழுத்துவிடுவது புத்திசாலித்தனம். ஒரு இழை கெட்டாலும் மாற்று இருக்கும். வேகம் போதவில்லை என்றால் பின்னாளில் முனைக் கருவியை மட்டும் மாற்றினால் போதும். மண்ணைத் தொட வேண்டாம்.

மலிவு கேபிள் ஜாக்கிரதை

கடையில் ரொம்ப மலிவாகக் கிடைக்கும் 'கேட் 6' சில சமயம் காப்பர் பூசிய அலுமினியமாக இருக்கும். 'சிசிஏ' என்பார்கள். இது சீக்கிரம் ஒடியும். பிஓஇ மின்சாரம் போனால் கூடுதலாகச் சூடாகும். ஒரு கம்பியைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம்; வாங்க வேண்டாம்.

ஆக, அந்தப் பள்ளிக்கான கணக்கு இதுதான்: கட்டடங்களுக்கு நடுவே ஒரே ஒரு ஃபைபர், லேப்புக்குள் அசல் காப்பர். அப்படியும் பணம் போதவில்லையா? லேப்பில் இப்போதைக்குப் பத்து பாயின்ட்டோடு நிறுத்திக்கொள்ளலாம், மீதியை அடுத்த வருஷம் போடலாம். ஆனால் மைதானத்தில் போடும் பைப்பில் மட்டும் மிச்சம் பிடிக்கக் கூடாது.