சுடாத துவக்கு

புறநானூற்றின் 95ஆம் பாட்டை முப்பது ஆண்டுகளாகப் பண்டித வகுப்பிற் பாடஞ்சொல்லி வருகிறேன். அதியமானின் தூதாகச் சென்ற ஔவையாருக்குத் தொண்டைமான் தன் படைக்கலச் சாலையைக் காட்டுகிறான். அங்குள்ளவை அணிசெய்து, நெய் தடவி, காவலிற் பேணப்பட்டவை. அதியமானின் வேல்களோ முறிந்து கொல்லனிடம் கிடப்பவை. ஔவையார் முன்னையவற்றைப் புகழ்வதுபோலப் பழிக்கிறார்; பின்னையவற்றைப் பழிப்பதுபோலப் புகழ்கிறார். மாணாக்கர் சிரிப்பர். தொண்டைமான் தோற்றான் என்று நானும் புத்தகத்தை மூடிவிடுவேன்.

சென்ற ஆவணியில், அமெரிக்காவிற் குடியேறிய என் பழைய மாணாக்கன் ஒருவனிடமிருந்து மடலொன்று வந்தது. அவன் மனைவி அந்நாட்டவள். அவளுடைய தந்தையார் காலமானபின் வீட்டு அலுமாரியில் ஒரு துவக்கு இருக்கக் கண்டனராம். (நாம் துவக்கு என்பதும் தமிழகத்தார் துப்பாக்கி என்பதும் ஒரே துருக்கிச் சொல்லின் இரு பிள்ளைகள்.) வின்செஸ்ரர் நிறுவனம் தன் நூற்றாண்டு நினைவாக 1966இல் வெளியிட்டது அது. எண்பட்டைக் குழல், உடற்பகுதி முழுதும் பொன்முலாம். வாங்கிய நாள்முதல் பெரியவர் அதில் ஒரு தோட்டாவேனும் இட்டவரல்லர். மகன் ஒருமுறையாவது சுட்டுப் பார்க்க விரும்புகிறான். மகளோ, அப்பா செய்யாததை நாம் செய்யலாகாது என்று அழுகிறாளாம். “ஐயா, நீங்கள் அதியமான் பக்கமா, தொண்டைமான் பக்கமா?” என்று மடலை முடித்திருந்தான்.

துவக்கைப் பற்றி நான் அறிந்தது அதன் ஓசை மட்டுமே. ஆதலின் தேடிப் படித்தேன். இத்தகைய நினைவுத் துவக்குகளைச் சேகரிப்போர் சுடாமையையே பெருங்குணமாகக் கொள்வர். வந்த அட்டைப்பெட்டியும் அதனுள் வைத்த கடதாசியுங்கூட இருத்தல் வேண்டுமாம். சுடுவது கிடக்கட்டும், விசைப்பிடியைப் பலகால் இழுத்து விட்டாலே உள்ளே உராய்வுக் கோடு விழுந்துவிடும். வாங்க வருவோன் அக்கோட்டைத்தான் முதலில் தேடுவான். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்நிறுவனத்தார் மிகைமருந்திட்டு வெடித்துச் சோதித்து, ‘டபிள்யூ.பி.’ என்னும் முத்திரையைக் குத்திய பின்னரே துவக்கை வெளியே அனுப்பினர். ‘சுடாதது’ என விலைபேசப்படுவதும் தொழிற்சாலையிற் சுடப்பட்டதே.

அருமை கருதிப் பேணிய அந்த 1966ஆம் ஆண்டுத் துவக்குகளின் தொகையோ ஓரிலட்சத்துக்கு மேல்! வாங்கியோரிற் பலரும் அவ்வாறே பூட்டி வைத்தனர். பின் அருமை எங்கிருந்து வரும்?

அதே நிறுவனம் 1875இல் வேறொன்று செய்தது. குழல்களைச் சுட்டுச் சோதிக்கையில் குறி சிதறாதவற்றைத் தனியே பொறுக்கி, மெல்லத் தொட்டால் இயங்கும் விசையைப் பொருத்தி, ‘ஆயிரத்தில் ஒன்று’ என்று குழலின்மேற் பொறித்து, 100 டொலர் விலை குறித்தது. 1873ஆம் ஆண்டு அமைப்பில் இப்பெயர் பெற்றவை ஏறத்தாழ 130தாம். அங்கே நன்கு சுட்டமையால் எழுத்துப் பொறிக்கப்பட்டது. இங்கே பூசிய பொன்னுக்காகச் சுடுதலே விலக்கப்பட்டது. எனக்கு ஐயம் தீர்ந்தது. ‘சுடுக’ என்று மறுமொழியிற் பாதியும் எழுதிவிட்டேன்.

எழுதி முடிக்குமுன் பரீட்சை அலுவலாகக் கொழும்புக்குச் செல்ல நேர்ந்தது. ஓய்வாயிருந்த பிற்பகலொன்றில் தேசிய நூதனசாலைக்குப் போனேன். லெவ்கே திசாவை கண்டியரசனுக்குக் கையுறையாக அளித்த பீரங்கி அங்குளது. 1765இல் ஒல்லாந்தக் கம்பனிப் படை கண்டியிற் கொள்ளைகொண்டு போனது. 2023இல் நெதர்லாந்திலிருந்து மீண்டு வந்தது. வெண்கலக் குழலிற் பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் இழைத்து, ஞாயிறும் திங்களும் சிங்கமும் அமைத்திருக்கிறார்கள். போருக்கென்று எவன் இதனைச் செய்வான்? பக்கத்தில் நின்ற சிறுவன், “அம்மா, இது வெடிக்குமோ?” என்றான். “இல்லையப்பா, இது பார்க்கிறதுக்கு” என்றாள் தாய். அவ்விடை என் நெஞ்சை எவ்வளவு குளிர்வித்தது என்பதை அவள் அறியாள். வகுப்பு நடக்கையில் வெடியோசை கேட்டு மாணாக்கரை மேசையின் கீழே படுக்கச் சொன்ன ஆசிரியருள் நானும் ஒருவன்.

அதியமானின் வேல் ஒவ்வொன்றும் எவனோ ஒருவன் உடலைக் குத்தி முறிந்தது என்பதை இம்முப்பது ஆண்டில் ஒருநாளும் வகுப்பிற் சொன்னேனல்லேன். பாட்டு அதை ஒளிக்கவில்லை. ஔவையாரும் போரைத் தவிர்க்கவே தூது சென்றார். நான்தான் சிரிப்போடு நிறுத்திவிட்டேன்.

எழுதிய பாதியைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். விலை குறையும் என்று அஞ்சிப் பூட்டி வைப்பது வீண்; அதில் இழக்கப் பெரிதொன்றுமில்லை. குறிபார்க்கும் திடலில் கடதாசியை நோக்கிச் சுடுவதாற் பாவமுமில்லை. ஆயினும் பெரியவர் ஏன் சுடாதிருந்தார் என்பதை மகனும் மகளும் இருந்து பேசினார்களா? அதுவரை பொறுக்கச் சொல். நான் தொண்டைமான் பக்கம் என்றே வைத்துக்கொள் என்றேன்.

சென்ற கிழமை மறுமடல் வந்தது. பெரியவர் இளமையிற் கொரியப் போரில் நின்றவராம். அதைப்பற்றி வீட்டில் ஒரு சொல்லும் பேசியதில்லையாம். மகளுக்கு மட்டும் தாய் சொல்லித் தெரிந்திருந்தது. மகன் இப்போதுதான் கேள்விப்பட்டான். அன்றிரவு அவனே துவக்கை எடுத்து, துணியில் எண்ணெய் தோய்த்துத் துடைத்து, பெட்டியிலிட்டு மூடினானாம். இனிச் சுடுவானா என்பதுபற்றி மடலில் ஒன்றுமில்லை.