கைவேலையும் ஆவியின் நிறைவும்



எரேமியா 18-ஆம் அதிகாரத்திலிருந்து நான் எத்தனை முறை பிரசங்கித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. வேதாகமக் கல்லூரியில் மாணவனாய் இருந்தபோது நான் ஆயத்தம்பண்ணிய முதல் பிரசங்கமே குயவனின் வீட்டைப் பற்றியதுதான். ஆயினும் ஒரு குயவன் சக்கரத்தில் வேலை செய்வதை அருகில் அமர்ந்து நான் பார்த்ததில்லை. ஐம்பத்தாறாம் வயதில், சென்ற மார்ச் மாதத்தில்தான் கர்த்தர் அந்தத் தருணத்தை எனக்குக் கட்டளையிட்டார்.

இமாசலப் பிரதேசத்தின் பாலம்பூரில் நடைபெற்ற ஊழியர்களின் ஜெப ஐக்கியத்திற்காக டெல்லியிலிருந்து போயிருந்தேன். கூட்டங்கள் முடிந்தபின் ஒரு முழு நாள் ஓய்வாகக் கிடைத்தது. என்னைத் தங்கவைத்த சகோதரர், "பாஸ்டர், இங்கே அருகில் கலைஞர்கள் குடியேறிய ஒரு கிராமம் உண்டு. வாருங்கள், பார்த்துவருவோம்" என்று அழைத்தார்.

அந்த்ரேட்டா கிராமம்

காங்க்ரா பள்ளத்தாக்கை நீங்கள் காண நேர்ந்தால் தேவனை ஸ்தோத்திரிக்காமல் இருக்கமாட்டீர்கள். வடக்கே பனி போர்த்திய தௌலாதார் மலைத்தொடர் மதிலைப்போல் எழுந்து நிற்கிறது. அதன் அடிவாரத்தில் தேயிலைத் தோட்டங்களும் கோதுமை வயல்களும் விரிந்து கிடக்கின்றன. பதான்கோட்டையும் ஜோகிந்தர் நகரையும் இணைக்க 1929-இல் திறக்கப்பட்ட சிறிய இரயில் பாதை இப்பள்ளத்தாக்கின் வழியாகவே செல்கிறது. 1905 ஏப்ரல் 4 அன்று ஏற்பட்ட பூகம்பத்தில் ஏறக்குறைய 20,000 பேரைப் பறிகொடுத்த பூமியும் இதுவே.

அந்த்ரேட்டாவில் முதலாவது நாங்கள் கண்டது நோரா ரிச்சர்ட்ஸ் அம்மையாரின் மண்வீடு. அயர்லாந்தில் பிறந்து, நாடக நடிகையாயிருந்து, லாகூருக்கு ஆசிரியராக வந்த கணவரோடு இந்தியாவுக்கு வந்தவர். பஞ்சாபி நாடகத்தை வளர்த்தவர்களில் முன்னோடி. கணவரை இழந்தபின் இக்கிராமத்தைத் தமக்குச் சொந்த ஊராக்கிக்கொண்டு, மண்ணால் வீடு கட்டி, 1971-இல் மறையும்வரை இங்கேயே வாழ்ந்தார். அவரை நாடிக் கலைஞர்கள் வந்தார்கள்.

அப்படி வந்து குடியேறியவர்களில் ஒருவர் ஓவியர் சோபா சிங். தேசப் பிரிவினை நடந்த 1947-இல் இங்கு வந்தவர், 1986-இல் மரிக்கும்வரை இந்த ஊரைவிட்டு அகலவில்லை. வட இந்திய நகரங்களில் வாழும் நீங்கள் சீக்கியர்களின் கடைகளில் குருநானக்கின் படத்தைக் கண்டிருப்பீர்கள். அவற்றில் பல, இவர் தீட்டிய ஓவியத்தின் பிரதிகளே. அவர் வேலைசெய்த இடத்தோடு சேர்ந்த ஓவியக்கூடத்தை இன்றும் பார்க்கலாம். அந்த ஓவியங்களின் பொருள் நம்முடைய விசுவாசத்துக்கு உரியதல்ல. ஆனாலும் ஒரு முகத்தின் ஒளியைத் துணியில் கொண்டுவர ஒரு மனிதன் காட்டிய பொறுமை என்னைச் சிந்திக்கவைத்தது.

சக்கரத்தின் அருகே

அடுத்து மட்பாண்டக் கூடத்திற்குச் சென்றோம். நிலவியல் பயின்று, ஜப்பானுக்குப் போய் மட்பாண்டக் கலையைக் கற்றவர் குர்சரண் சிங். டெல்லியில் 1952-இல் 'டெல்லி புளூ பாட்டரி'யைத் தொடங்கியவர் இவரே. இவருடைய மகன் மன்சிம்ரன் சிங்கும் மருமகள் மேரியும் 1983-இல் அந்த்ரேட்டாவில் இக்கூடத்தை ஏற்படுத்தினார்கள். சிவந்த களிமண்ணில் பாத்திரம் வனைந்து, வெள்ளை மண்குழம்பினால் அதன்மேல் கோலம்போல் கோடுகள் இட்டு, மெருகுப் பூச்சுப் பூசிச் சூளையில் வேகவைக்கிறார்கள்.

அங்கிருந்த ஓர் இளைஞர் என்னையும் சக்கரத்தின்முன் உட்காரவைத்தார். முழங்கைகளைத் தொடையில் ஊன்றிக்கொள்ளச் சொன்னார். "கை அசையக்கூடாது ஜி. சுற்றுவது சக்கரத்தின் வேலை, அசையாமல் நிற்பது உங்கள் வேலை" என்றார். மண் என் கைக்குள் தள்ளாடியது. அதை நடுவில் நிறுத்துவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. சற்று உயர்ந்த கிண்ணத்தின் சுவர் மறுகணமே மடிந்து சரிந்தது.

பிரியமானவர்களே, இந்த இடத்தில் நான் வெட்கப்பட்டேன். பாத்திரம் கெட்டுப்போனபோது குயவன் கோபங்கொண்டு மண்ணை ஓங்கி அறைந்து பிசைந்தான் என்று, வேதத்தில் இல்லாத கோபத்தை நானே சேர்த்து, மேடையில் கையை ஓங்கிக் காட்டிப் பிரசங்கித்திருக்கிறேன். அந்த இளைஞரோ சரிந்த மண்ணை மெல்ல வழித்தெடுத்து ஒரு பலகையின்மேல் பரப்பினார். "மண் கெடவில்லை ஜி, களைத்துவிட்டது. அதிகத் தண்ணீரைக் குடித்துவிட்டது. கொஞ்சம் ஆறட்டும். பிறகு பிசைந்தால் மறுபடியும் எழும்பும்" என்றார். அவரிடத்தில் கோபத்தின் சாயல்கூட இல்லை.

இன்னொன்றையும் காட்டினார். சுடாத பாத்திரம் உடைந்தால் தண்ணீரில் ஊறவைத்து மீண்டும் மண்ணாக்கலாம். சூளையில் வெந்தபின் உடைந்தால் அது ஓடுதான், திரும்ப மண்ணாகாது. எரேமியா 18-ஆம் அதிகாரத்தில் பாத்திரம் மறுபடியும் வனையப்படுவதும், 19-ஆம் அதிகாரத்தில் உடைந்த கலசம் செப்பனிடப்படக் கூடாமற்போவதும் ஏனென்று அப்போதுதான் விளங்கியது. முந்தினது பச்சை மண், பிந்தினது சுட்ட கலசம். நான் புத்தகங்களில் தேடியது அந்த வாலிபரின் விரல்நுனியில் இருந்தது.

முதலாவது நிரப்பப்பட்டவர்கள்

நாம் ஆவியின் நிறைவைப் பற்றி அதிகமாய்ப் பேசுகிற ஜனங்கள். தேவன் தம்முடைய ஆவியால் நிரப்பினார் என்று வேதம் முதன்முதல் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது யாரை? மோசேயை அல்ல, ஆரோனையும் அல்ல. யூதா கோத்திரத்துக் கைவினைஞனாகிய பெசலெயேலையே (யாத். 31:1-5). அவனுக்கு அருளப்பட்டது பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்யவும், கல்லை இழைக்கவும், மரத்தைச் செதுக்கவும் வேண்டிய ஞானம். அதற்கும் முன்னே, ஆரோனின் வஸ்திரங்களைத் தைக்க வேண்டியவர்களைப் பற்றியும் வேதம் இப்படியே கூறுகிறது (யாத். 28:3). பெசலெயேலுக்கும் அவனோடிருந்த அகோலியாபுக்கும் பிறருக்குக் கற்பிக்கும் இருதயமும் கொடுக்கப்பட்டது (யாத். 35:34).

குயவர் ராஜாவின் வேலைக்காக அவனருகில் குடியிருந்ததை 1 நாளாகமம் 4:23 பதிவுசெய்திருக்கிறது. ரோமாபுரியை விட்டுத் துரத்தப்பட்டுக் கொரிந்துவில் பிழைக்க வந்த ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கூடாரத் தொழிலாளிகள். பவுலும் அவர்களோடு அமர்ந்து அதே தொழிலைச் செய்தார் (அப். 18:1-3). நம்மைப்போல் ஊர்விட்டு ஊர்வந்த அந்தக் குடும்பத்தில் ஊசியும் நூலும் ஊழியத்திற்குத் தடையாகவில்லை. நம்முடைய ஆண்டவரையே ஊரார் தச்சன் என்றுதான் அறிந்திருந்தார்கள் (மாற்கு 6:3).

நான் செய்த தவறு

திரும்பிவரும் பேருந்தில் இரவெல்லாம் எனக்குத் தூக்கமில்லை. எங்கள் சபையில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு சகோதரர் இருக்கிறார். நாற்காலி, மேசை செய்யும் பட்டறையில் தச்சர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் தம் மகனைப் பெரிய பள்ளியொன்றில் சேர்க்க என்னிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டு வந்தார். "தகப்பன் தச்சன் என்று போட்டால் எடுக்கமாட்டார்களோ, ஐயா" என்று தயங்கினார். நான் அவரைத் தேற்றவில்லை, திருத்தவும் இல்லை. 'மரச்சாமான் வியாபாரி' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அது பொய். அதை எழுதிய கை என்னுடையது.

டெல்லிக்கு வந்த மூன்றாம் நாள் அவருடைய பட்டறைக்குப் போனேன். அதற்குமுன் நான் அங்கே ஒருநாளும் போனதில்லை. மரத்தூளுக்கு நடுவே நின்று மன்னிப்புக் கேட்டேன். அவர் பதறி, "ஐயா, கேட்டது நான்தானே" என்றார். பின்பு மெதுவாக ஒரு காரியம் சொன்னார். மகன் அந்தக் கடிதத்தைப் படித்திருக்கிறான். அப்பாவுக்குச் சொந்தமாகக் கடை இருக்கிறதென்று பள்ளி நண்பர்களிடம் சொல்லியிருக்கிறான். அதனால் பெற்றோர் கூட்டத்திற்குத் தகப்பன் வரவேண்டாம் என்கிறான். இரண்டு ஆண்டுகளாக அவர் பள்ளி வாசலை மிதிக்கவில்லை.

எனக்குப் பேச்சு வரவில்லை. அவரே பேச்சை மாற்ற, ஒரு பலகையைக் கையில் எடுத்து, "மரத்துக்கு ஒரு நாரோட்டம் உண்டு, ஐயா. எதிர்த்து இழைத்தால் சிராய் எழும்பும். அது போகிற போக்கில் இழைத்தால் பட்டுப்போல் வரும்" என்று காட்டினார். அப்போதுதான் நினைவு வந்தது. நான் ஞாயிறுதோறும் கை ஊன்றிப் பிரசங்கிக்கும் பீடம் அவர் இழைத்துக் கொடுத்தது. மரத்துக்குப் பணம் கொடுத்தவர்களின் பெயரை அன்று சபையில் வாசித்தேன். அவர் பெயரை வாசிக்கவில்லை.

மறு ஞாயிறு, அவருடைய சம்மதத்தோடு, பீடத்தைச் செய்தவர் யாரென்று சபைக்கு அறிவித்தேன். ஒரு விசுவாசியின் தொழிலை மறைத்து நான் பொய்க் கடிதம் எழினேன் என்பதையும், அவர் பெயரைச் சொல்லாமல், அறிக்கையிட்டேன். பள்ளிக்குத் திருத்தக் கடிதமும் அனுப்பினேன். பையனை அதற்காக அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பெற்றோர் கூட்டத்திற்குத் தகப்பன் போனார். மகன் இன்னும் அதிகமாய்ப் பேசுவதில்லை. அவனுக்காக ஜெபியுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

நம் பிள்ளைகள் படிக்கட்டும், உயரட்டும். தகப்பன் தொழிலையே மகனும் செய்யவேண்டுமென்று நான் சொல்லவில்லை. பிறப்பினால் தொழிலைக் கட்டிவைத்து மனிதரைத் தாழ்த்திய கொடுமையை நாம் அறிவோம். பலர் தொழிலை மறைப்பதும் அந்தக் காயத்தினால்தான். ஆனால் கிறிஸ்துவின் சபைக்குள் அந்த வெட்கத்திற்கு இடமிருக்கலாகாது.

ஆகையால் இவ்விடுமுறையில் உங்கள் பிள்ளைகளை ஒரு பட்டறைக்கு அழைத்துச் செல்லுங்கள். அதற்காக இமயமலைக்குப் போகவேண்டியதில்லை. உங்கள் தெருவிலேயே தையற்காரரும் கொல்லரும் இருப்பார்கள். வேலை செய்கிறவரிடம் அவர்கள் கேள்வி கேட்கட்டும், தங்கள் கையாலும் செய்துபார்க்கட்டும். வீட்டில் தகப்பனின் தொழிலை, தாயின் கைவேலையை உள்ளபடியே சொல்லிக்கொடுங்கள். பள்ளிப் படிவத்தில் உண்மையை எழுதுங்கள். உங்கள் பாஸ்டர் வேறுவிதமாய் எழுத முன்வந்தால், வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பிள்ளைகள் இன்னும் பச்சை மண்ணாய் இருக்கிறார்கள். இன்று அவர்கள் மனதில் வெட்கத்தைப் பதித்தால், சூளையில் வெந்தபின் அதை நாம் அழிக்க முடியாது.

தச்சன் என்னப்படுவதற்கு வெட்கப்படாத நம் ஆண்டவர் உங்கள் கைகளின் கிரியையை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.