பரண் (காவல் மேடை)

பரண் என்பது நிலமட்டத்திற்கு மேலே, மரக்கிளைகளின் மீதோ நடப்பட்ட கால்களின் மீதோ அமைக்கப்படும் மேடை ஆகும். பயிரைக் காப்பதற்கும், விலங்குகளைக் கண்காணிப்பதற்கும், முற்காலத்தில் வேட்டையாடுவதற்கும் இது பயன்பட்டது. வட இந்தியாவில் இது மச்சான் எனப்படுகிறது. வீட்டில் பொருள்களை வைக்கும் மேல்தட்டும் பரண் என்றே அழைக்கப்படுகிறது.

இலக்கியத்தில் பரண்

சங்க இலக்கியத்தில் பரணுக்கு இதணம், கழுது ஆகிய பெயர்கள் உள்ளன. கபிலர் இயற்றிய குறிஞ்சிப்பாட்டில், புலிக்கு அஞ்சி மரத்தின்மேல் கட்டப்பட்ட இதணத்தில் ஏறித் தலைவியும் தோழியும் தினைப்புனம் காக்கின்றனர். கிளிகளை ஓட்டத் தழல், தட்டை, குளிர் என்னும் கருவிகளைப் பயன்படுத்துகின்றனர். உயரத்தில் இருந்து காவல் புரிபவன் சேணோன் எனப்பட்டான்.

வேட்டைப் பரண்

வில் வேட்டைக்குப் பரண் பெரிதும் உதவியது. அம்பு குறி தவறாமல் பாயும் தொலைவு குறைவு. பெரும்பாலும் 20 முதல் 30 மீட்டருக்குள் விலங்கு வந்தாக வேண்டும். மான், பன்றி போன்றவை பெரும்பாலும் மேல்நோக்கிப் பார்ப்பதில்லை. மனித வாடையும் உயரத்தில் ஓரளவு விலகிச் செல்லும். ஆயினும் காற்று விலங்கு வரும் பாதையை நோக்கி வீசினால் பரணால் பயனில்லை. மிக உயரமான பரணும் நல்லதன்று; அம்பு செங்குத்தாக இறங்குவதால் குறி சுருங்கி, விலங்கு காயத்துடன் ஓடிவிடும். எனவே, வில் வேட்டைக்கு உரிமம் வழங்கும் அமெரிக்கா போன்ற நாடுகளில் 15 முதல் 20 அடி உயரமே பொதுவாகப் பின்பற்றப்படுகிறது.

துப்பாக்கி வேட்டையிலும் பரண் பயன்பட்டது. ருத்ரபிரயாகையில் மனிதர்களைக் கொன்றுவந்த சிறுத்தையை 1926இல் ஜிம் கார்பெட் ஒரு மாமரத்தில் பல இரவுகள் காத்திருந்து சுட்டார்.

சட்ட நிலை

இந்தியாவில் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972இன்படி வேட்டை தடைசெய்யப்பட்டுள்ளது. வில், கண்ணி, துப்பாக்கி என எக்கருவிக்கும் இது பொருந்தும். பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியையும் விவசாயி தாமாகக் கொல்ல முடியாது. வனத்துறையிடமே முறையிட வேண்டும். ஆகவே, இன்று தமிழ்நாட்டில் பரணின் பயன் காவல் மட்டுமே.

காவல் பரணின் தேவை

கடலூர் மாவட்டம் வேப்பூர் வட்டாரத்தில் மானாவாரியாக மக்காச்சோளம் பயிரிடப்படுகிறது. கதிர் பால்பிடிக்கும் பருவத்தில் காட்டுப்பன்றிகள் கூட்டமாக இரவில் புகுந்து தட்டைகளைச் சாய்த்துத் தின்கின்றன. தின்பதைவிட மிதித்து அழிப்பது அதிகம்.

இதற்குச் சிலர் வயலைச் சுற்றி மின்கம்பி கட்டி, மின்கம்பத்திலிருந்து நேரடியாக மின்சாரம் பாய்ச்சுகின்றனர். இது சட்டவிரோதமானது. இருட்டில் அவ்வழியே நடப்பவரும், சில வேளைகளில் கம்பி கட்டியவரின் வீட்டாரும் இதனால் உயிரிழக்கின்றனர். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இத்தகைய வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. பரணில் இருந்து காப்பதில் தூக்கம் கெடும். ஆனால் மின்வேலியைப் போல் அது பிறர் உயிரைப் பறிக்காது. வரப்பில் படுத்துக் காவல் காப்பவருக்குக் கட்டுவிரியன் கடிக்கும் ஆபத்து உண்டு. பரணில் அந்த ஆபத்து மிகவும் குறைவு.

வேட்டைப் பரண் மனிதனை மறைக்கிறது. காவல் பரணோ மனிதன் இருப்பதை விலங்குக்கு உணர்த்த வேண்டும். காட்டுப்பன்றிக்குப் பார்வை குறைவு, மோப்பமும் செவியும் கூர்மை. எனவே, பன்றி வரும் திசைக்கு வாடை செல்லுமாறு பரண் அமைவது நன்று. தகரம் தட்டுதல், குரல் கொடுத்தல், டார்ச் அடித்தல் ஆகியவற்றை ஒரே சீராகச் செய்யாமல் நேரம் மாற்றிச் செய்ய வேண்டும். இல்லாவிடில் பன்றிகள் பழகிவிடும்.

பாதுகாப்பு முறைகள்

பரணில் உட்கார்ந்திருக்கும்போது மட்டுமின்றி, ஏறும்போதும் இறங்கும்போதும் தவறி விழும் ஆபத்து அதிகம். எனவே கீழ்க்காண்பவை இன்றியமையாதவை:

* பட்டுப்போகாத, உறுதியான மரத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். முருங்கைக் கிளை எளிதில் முறியும். புளி, வேம்பு ஆகியவற்றின் பருத்த கிளைகள் தாங்கும்.
* கால் நட்டுக் கட்டும் பரணில், மண்ணுக்குள் இருக்கும் பகுதியைக் கரையான் அரிக்கும். ஒவ்வொரு பருவத்திலும் கால்களை அசைத்துப் பார்த்து, பழைய கயிற்றை மாற்ற வேண்டும்.
* ஏணியில் ஏறும்போது இரு கை, இரு கால் ஆகிய நான்கில் மூன்று எப்போதும் பிடிப்பில் இருக்க வேண்டும்.
* டார்ச், தண்ணீர், தடி ஆகியவற்றைக் கையில் பிடித்து ஏறக்கூடாது. மேலே சென்றபின் கயிற்றால் இழுத்துக்கொள்ள வேண்டும்.
* தூக்கம் வரும் என்பதால் பக்கத் தடுப்பு தேவை. கட்டடப் பணியாளர் அணியும் முழு உடல் பாதுகாப்புப் பட்டை சிறந்தது. அதனைத் தரையிலிருந்தே மரத்துடன் இணைத்துக்கொள்ள வேண்டும். இடுப்பில் மட்டும் கயிறு கட்டுவது, விழும்போது மூச்சைத் திணறடிக்கும்.
* பட்டையில் தொங்க நேர்ந்தால் கால்களை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அசையாது தொங்கினால் கால்களில் இரத்தம் தேங்கி மயக்கம் வரும்.
* இடி மின்னலின்போது இறங்கிவிட வேண்டும். தனிமரத்தின் அடியிலும் நிற்கக்கூடாது.
* எந்த வயலில் இருக்கிறார், எப்போது திரும்புவார் என்பது வீட்டாருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.