விளிம்பில் இருக்கும் பெயர்

பழைய பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் ஒன்று கைக்கு வந்தால் பெரும்பாலானோர் முகப்பைத்தான் பார்ப்பார்கள். ராணியின் தலை, வெற்றித் தேவதை, தேதி என்று பார்க்க நிறையவே இருக்கும். சேகரிப்பில் ஊறியவர்கள் அதைப் பக்கவாட்டில் திருப்பி, விளிம்பைச் சுற்றிப் படிப்பார்கள். சில மில்லிமீட்டர் அகலமே உள்ள அந்த ஓரத்தில்தான் பதக்கம் பெற்ற சிப்பாயின் பெயர் இருக்கிறது. போலி செய்பவர்களின் கையும் அங்கேதான் முதலில் போகிறது.

இந்த வழக்கத்தை நிலைநிறுத்தியது வாட்டர்லூ பதக்கம். அதற்கு முன் ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் நெப்போலியனின் படைகளோடு ஆண்டுக்கணக்கில் மோதிய பிரிட்டிஷ் ராணுவத்தில், தளபதிகளுக்குத் தங்கப் பதக்கமும் தங்கச் சிலுவையும் கிடைத்தன. சிப்பாய்க்குக் காயம்தான் மிச்சம். 1815 ஜூன் 16 முதல் 18 வரை நடந்த சண்டைகளுக்குப் பிறகு அது மாறியது. ஜெனரலுக்கும் கடைசி வரிசைச் சிப்பாய்க்கும் ஒரே அளவில், ஒரே வெள்ளியில், ஒரே பதக்கம். ஏறத்தாழ 39,000 பதக்கங்கள் அடித்தார்கள். முன்பக்கம் இளவரசர் ரீஜண்டின் தலை. பின்பக்கம் சிறகுடன் அமர்ந்த வெற்றித் தேவதை, மேலே வெலிங்டன் பெயர், கீழே வாட்டர்லூவும் ஜூன் 18-ம். செதுக்கியவர் தாமஸ் வையன். ஒவ்வொன்றின் விளிம்பிலும் பெறுபவரின் பெயரையும் படைப்பிரிவையும் இயந்திரத்தால் அழுத்திப் பதித்தார்கள். ஊர் பேர் தெரியாத ஓர் ஏழை உழவனின் மகனுடைய பெயர் அரசாங்க வெள்ளியில் ஏறியது இப்படித்தான். இந்தத் துறையின் மீது எனக்கு இருக்கும் மரியாதை முழுவதும் அங்கிருந்து தொடங்குகிறது.

அந்த எழுத்துகளைப் பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் வழியாகப் பாருங்கள். முனைகளில் குறுக்குக் கோடு வைத்த தடித்த பெரிய எழுத்துகள். பெயர் முடிந்தபின் விளிம்பில் மிச்சமிருக்கும் இடத்தை நட்சத்திர வடிவ முத்திரைகளால் நிரப்பியிருப்பார்கள். அழுத்திப் பதித்த எழுத்தில் உலோகம் எங்கும் போய்விடவில்லை. உள்ளே இறங்கி, ஓரங்களில் மிக லேசாக மேலே தள்ளப்பட்டிருக்கும். உளியால் செதுக்கிய எழுத்தில் உலோகம் வெட்டி எடுக்கப்பட்டிருக்கும். பள்ளம் அடியில் கூராக முடியும், உளி போன தடம் தெரியும். வாட்டர்லூ பதக்கத்தில் செதுக்கிய பெயர் இருந்தால் அந்தப் பெயர் பின்னால் வந்தது என்று பொருள். அதற்கு முன் இருந்த பெயர் எங்கே என்பதுதான் கேள்வி.

அந்தப் பெயரை அரம் போட்டு எடுத்திருப்பார்கள். எடுத்தால் விளிம்பு தேயும். வெர்னியர் காலிப்பரை வைத்து, மேலிருந்து கீழாக ஒரு முறை, இடமிருந்து வலமாக ஒரு முறை, சாய்வாக இரண்டு முறை விட்டத்தை அளந்தால் தேய்த்த இடம் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். சாய்வான வெளிச்சத்தில் பழைய எழுத்தின் மிச்சம் நிழலாகத் தெரிவதும் உண்டு. ஆனால் பெயர் மாற்றியதெல்லாம் மோசடி என்று சொல்லிவிட முடியாது. பதக்கத்தைத் தொலைத்த, குடிக்காக அடகு வைத்த சிப்பாய்கள் இன்னொருவருடையதை வாங்கித் தங்கள் பெயரைப் பொறித்துக்கொண்டதுண்டு. அது அந்தக் காலத்துக் கதை, அதற்கும் மதிப்பிருக்கிறது. விற்பவர் அதை மறைத்தால்தான் குற்றம்.

புதிதாக வருபவர்கள் தேவையில்லாமல் பயப்படும் விஷயம் ஒன்று: பதக்கத்தைத் தொங்கவிடும் வளையம். வாட்டர்லூ பதக்கத்தோடு வந்த எஃகுக் கவ்வியும் இரும்பு வளையமும் துருப்பிடித்துப்போயின. பலர் சொந்தக் காசில் வெள்ளியில் மாற்றிக்கொண்டார்கள். ஆகவே வேலைப்பாடு மிகுந்த வெள்ளிக் கொக்கி இருந்தால் சந்தேகப்பட வேண்டியதில்லை. அதே போருக்கு ஜெர்மானிய அரசுகளும் பதக்கம் கொடுத்தன. ஹானோவர், பிரன்ஸ்விக் பதக்கங்களின் விளிம்பில் பெயர் உண்டு. அளவில் சிறியதான நஸாவ் பதக்கத்தில் பெயரே கிடையாது. பெயர் இல்லையே என்று நஸாவ் பதக்கத்தை ஒதுக்குவதும், பெயர் இருக்கிறதே என்று அதற்குக் கூடுதல் விலை கொடுப்பதும் ஒரே அறியாமையின் இரண்டு பக்கங்கள்.

மோசடியின் உச்சம் கிரிமியப் பதக்கத்தில் நடக்கிறது. 1854 முதல் 1856 வரை ரஷ்யாவுக்கு எதிராக நடந்த அந்தப் போரின் பதக்கங்களைப் பெரும்பாலும் பெயர் இல்லாமலே கொடுத்தார்கள். விரும்பியவர்கள் திருப்பி அனுப்பினால் நாணயச்சாலை இலவசமாகப் பெயர் பதித்துத் தந்தது. மற்றவர்கள் உள்ளூர் நகைக்கடையில் செதுக்கிக்கொண்டார்கள், சிலர் அப்படியே விட்டுவிட்டார்கள். ஆக, நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் பழமையுள்ள, முழுக்க அசலான, விளிம்பு வெறுமையான வெள்ளிப் பதக்கங்கள் இன்றும் சந்தையில் கிடைக்கின்றன. 1854 அக்டோபர் 25 அன்று பாலக்லாவாவில் ரஷ்யப் பீரங்கிகளை நோக்கிக் குதிரையில் பாய்ந்த லைட் பிரிகேடில் ஏறத்தாழ 670 பேர். டென்னிசன் அதைக் கவிதையாக்கியதால் உலகம் முழுக்கத் தெரிந்த பெயர். அந்த ஐந்து குதிரைப்படைப் பிரிவுகளில் இருந்த ஒருவரின் பெயர் விளிம்பில் இருந்தால் விலை பல மடங்கு ஏறும். இப்போது புரிந்திருக்கும். வெள்ளி அசல், அச்சு அசல், ரிப்பன்கூட அசல். பெயர் மட்டும் போன மாதம் ஏறியது. எடையோ அளவோ இங்கே உதவாது. எழுத்தின் பள்ளத்துக்குள் லென்ஸை இறக்க வேண்டும். பதக்கத்தின் மற்ற பரப்பில் உள்ள சிராய்ப்புகள் எழுத்தின் மேலும் தொடர்ந்து ஓடுகின்றனவா, அல்லது எழுத்து அந்தச் சிராய்ப்புகளை வெட்டிக்கொண்டு போகிறதா? பழைய சிராய்ப்பை வெட்டும் எழுத்து அதற்குப் பின் வந்தது. பள்ளத்தின் அடி மட்டும் பளிச்சென்று இருந்தாலும் அதே சந்தேகம்தான். பிறகு படைப்பிரிவுப் பட்டியல். அந்த 670 பேரையும் ஆய்வாளர்கள் ஆள் ஆளாகத் தேடி எழுதியிருக்கிறார்கள். அதே ஆளின் பதக்கம் ஏற்கெனவே ஓர் அருங்காட்சியகத்தில் இருந்தால், கையில் இருப்பதற்கு விளக்கம் வேண்டும்.

பெயரே போடாத நாடுகளின் பதக்கங்களில் செய்முறைதான் சாட்சி. ஜெர்மனியின் இரும்புச் சிலுவையை எடுத்துக்கொள்ளுங்கள். 1813 மார்ச் 10 அன்று, நெப்போலியனுக்கு எதிரான போருக்காக, பிரஷ்ய மன்னர் மூன்றாம் ஃபிரெடெரிக் வில்லியம் பிரெஸ்லாவில் இதைத் தொடங்கிவைத்தார். மன்னர் கொடுத்த மாதிரியை முழு வடிவமாக்கியவர் கட்டடக் கலைஞர் ஷிங்கெல். பெண்கள் தங்க நகைகளைப் போர்நிதிக்குக் கொடுத்து இரும்பு நகை அணிந்த காலம் அது. விருதும் இரும்பிலேயே வந்தது. பிறகு 1870, 1914, 1939 ஆகிய ஆண்டுகளில் புதுப்பித்தார்கள். 1914 வரிசையில் இரண்டாம் வகுப்பு மட்டும் ஏறத்தாழ 50 லட்சம் பேருக்குக் கொடுக்கப்பட்டது.

அதன் வழக்கமான கட்டமைப்பு மூன்று துண்டு. நடுவே கறுப்புப் பூச்சிட்ட இரும்பு வார்ப்பு, அதை முன்னும் பின்னும் கவ்வும் இரண்டு வெள்ளிச் சட்டங்கள். சட்டங்களை ஓரத்தில் பற்றவைத்திருப்பார்கள். பக்கவாட்டில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் அந்த இணைப்புக் கோடு மயிரிழையாகத் தெரியும். சட்டத்தின் உள்விளிம்பில் மணி மணியாக ஒரு வரிசை ஓடும், ஒவ்வொரு மணியும் தனித்து நிற்கும். மலிவான போலியில் சிலுவை முழுவதையும் ஒரே வார்ப்பாக எடுத்து நடுவில் கறுப்புப் பெயின்ட் அடித்திருப்பார்கள். இணைப்புக் கோடு இருக்காது, மணிகள் உருகிய மெழுகுபோல ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும். இரண்டாம் வகுப்புச் சிலுவையின் தொங்கு வளையத்தில் பல நேரம் தயாரிப்பாளரின் குறி இருக்கும். வெள்ளியின் தரத்தைச் சொல்லும் 800 என்ற எண்ணும் சில இடங்களில் வரும்.

காந்தம் ஒட்டினால் அசல், ஒட்டாவிட்டால் போலி என்று கடைக்காரர்கள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். போர்க்காலத்திலேயே அதிகாரிகள் நகைக்கடைகளில் சொந்தச் செலவில் இரண்டாவது சிலுவை வாங்கி அணிந்தார்கள். அவற்றில் இரும்பு அல்லாத நடுப்பகுதி உள்ளவையும் ஒரே துண்டாகச் செய்தவையும் உண்டு. போர் முடிந்த பிறகும் பழைய வீரர்களுக்காகத் தயாரிப்பு தொடர்ந்தது. அசல், போலி என்ற இரண்டே பெட்டிகள் இங்கே போதாது. அரசு கொடுத்தது, அதே காலத்தில் கடையில் வாங்கியது, பிற்காலத்தில் செய்தது, ஏமாற்றச் செய்தது என்று குறைந்தது நான்கு பெட்டிகளாவது வேண்டும்.

பிரான்ஸின் லெஜியன் தோனர் விருது இன்னும் சிக்கலானது. 1802-ல் நெப்போலியன் நிறுவியது. அவர் வீழ்ந்து பூர்போன் மன்னர்கள் திரும்பியதும் நடுவில் இருந்த நெப்போலியன் தலையை எடுத்துவிட்டு நான்காம் ஹென்றியின் தலையை வைத்தார்கள். புதிய சிலுவை வாங்க வசதியில்லாதவர்கள் பழையதிலேயே நடுப்பகுதியை மாற்றிக்கொண்டார்கள். ஆகவே ஒரே சிலுவையில் இரண்டு ஆட்சிகள் கலந்திருப்பது இயல்பு. ஆனால் ஹால்மார்க்கில் அவ்வளவு இடம் கிடையாது. பாரிஸில் வெள்ளிக்குப் போட்டுவந்த பன்றித்தலை முத்திரையும் தங்கத்துக்கான கழுகுத்தலை முத்திரையும் 1838-ல்தான் வந்தன. நெப்போலியனின் ஆஸ்டர்லிட்ஸ் போரில் அணிந்தது என்று ஒருவர் நீட்டும் சிலுவையில் பன்றித்தலை இருந்தால், அந்தத் துண்டாவது 1838-க்குப் பிந்தையது என்றோ, பிறகு ஒரு கடை வழியாகப் போய் முத்திரை பெற்றது என்றோ அவர்தான் விளக்க வேண்டும்.

நம் மண்ணோடு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு பதக்கமும் உண்டு. 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் கிழக்கிந்தியக் கம்பெனி மெட்ராஸ் ராணுவம் உள்ளிட்ட படைகளுக்கு வழங்கியது. பர்மிங்ஹாமில் மேத்யூ போல்டனின் சோஹோ ஆலையில் அடித்தது. பிரிட்டிஷ் சிங்கம் புலியை வீழ்த்தும் காட்சி அதில் இருக்கிறது. பதவிக்கேற்ப உலோகம் இறங்கியது: தங்கம், பொன்முலாம் பூசிய வெள்ளி, வெள்ளி, வெண்கலம், கடைசியில் நம் சிப்பாய்க்கு வெள்ளீயம். இங்கே ஏமாற்ற நினைப்பவர் உலோகத்தில்தான் கை வைப்பார். அதற்கு எளிய சோதனை உண்டு. காற்றில் ஒரு முறை, நூலில் கட்டி நீரில் மூழ்கவைத்து ஒரு முறை எடை போட்டு அடர்த்தியைக் கணக்கிட்டால் வெள்ளி 10-க்கு மேல் காட்டும், வெள்ளீயம் 7.3-ஐத் தாண்டாது. மேல்பூச்சு எவ்வளவு மினுங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது.

புறஊதா விளக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிந்தைய நூல்கள் பல அந்த வெளிச்சத்தில் நீலமாக ஒளிரும். ரிப்பன் ஒளிர்ந்தால் உடனே பதக்கத்தைப் போலி என்று தள்ளிவிடுகிறார்கள். பழைய ரிப்பனை நவீன சோப்புத்தூளில் துவைத்தாலும் ஒளிரும். நைந்த ரிப்பனை மாற்றுவது குடும்பங்களில் சாதாரணம். இதைவிட நம்பகமான சாட்சி, அணிந்ததால் ஏற்படும் காயம். 1882 எகிப்துப் போர்ப் பதக்கத்தோடு எகிப்தின் ஆட்சியாளரான கெதிவ் தந்த ஐந்து முனை வெண்கல நட்சத்திரத்தையும் சேர்த்து அணிந்தார்கள். நடக்கும்போதெல்லாம் நட்சத்திரத்தின் முனை வெள்ளியில் மோதி, ராணியின் முகத்தில் குத்துக் குத்தாகப் பள்ளங்கள் விழுந்தன. பல அணிவகுப்புகளில் அணிந்தது என்ற கதையோடு வரும் ஜோடியில் அந்தப் பள்ளங்கள் இல்லையென்றால், இரண்டையும் யாரோ பின்னால் சேர்த்துவைத்திருக்கலாம். இந்தத் தடயங்களை அழிக்க நாமே போதும். வெள்ளி என்றாலே விபூதி போட்டுத் தேய்க்கும் கை நம்முடையது. தயவுசெய்து பதக்கத்தில் அதைச் செய்யாதீர்கள். கறுத்த படலமும் சிராய்ப்பும் போய்விட்டால் எழுத்து முந்தியதா, காயம் முந்தியதா என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது.

போலியைவிட என்னை அதிகம் வருத்துவது, ஒரே ஆளின் பதக்கங்களைப் பிரித்து விற்பது. முதல் உலகப் போரில் பணியாற்றிய பிரிட்டிஷ் வீரருக்கு வழக்கமாக வெள்ளியில் போர்ப் பதக்கமும் வெண்கலத்தில் வெற்றிப் பதக்கமும் சேர்ந்து கிடைத்தன. இரண்டிலும் அவர் பெயர். 1980-ஐ ஒட்டி வெள்ளி விலை எகிறியபோது வெள்ளிப் பதக்கங்களை மூட்டை மூட்டையாக உருக்கினார்கள். வெண்கலம் தனியாக நின்றுவிட்டது. இது எவ்வளவு பெரிய இழப்பு என்பது 1940 செப்டம்பரில் லண்டனில் நடந்ததை நினைத்தால் புரியும். ஜெர்மன் குண்டுவீச்சில் போர்த்துறையின் ஆவணக் கிடங்கு எரிந்து, முதல் உலகப் போர்ச் சிப்பாய்களின் பணிப் பதிவேடுகளில் பாதிக்கு மேல் சாம்பலாயின. பதக்கம் வழங்கியதற்கான அட்டைகள் தப்பின. அவற்றின் பிரதிகள் இன்று லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. எத்தனையோ பேர் அந்தப் போரில் இருந்ததற்கு ஓர் அட்டையும் ஒரு விளிம்பும்தான் ஆதாரம். விளிம்பை அரம் போட்டு அழிப்பவர் எதை அழிக்கிறார் என்று யோசித்துப் பாருங்கள்.

தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வாட்டர்லூவுக்கும் லைட் பிரிகேடுக்கும் ஆசைப்படாமல், முதலில் ஒரு சாதாரண வெற்றிப் பதக்கம் வாங்குங்கள். அதில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் இருக்கும். அந்த எழுத்துகளை லென்ஸில் பார்த்துப் பார்த்துக் கண்ணைப் பழக்குங்கள். யாரிடம், என்று வாங்கினீர்கள் என்று எழுதி அதோடு வையுங்கள். முதல் உலகப் போரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையினர் மெசபடோமியாவுக்குப் போனார்கள். அப்படிப் போனவர்களின் பதக்கங்களிலும் பெயர் இருக்கிறது. தாத்தாவின் பெட்டியில் அப்படி ஒன்று கிடைத்து, விற்பதென்று வீட்டில் முடிவாகிவிட்டால், எடைக்குப் போடுமுன் விளிம்பைப் படித்து எழுதிக்கொள்ளுங்கள், படமும் எடுங்கள். ஒரே படத்தில் முழு விளிம்பும் வராது. கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, பக்கவாட்டு வெளிச்சத்தில், சுற்றிலும் எடுத்துவைக்க வேண்டும்.