மொறீசியஸ் தீவின் அரசியல்: தோல்வியில் முடியாத வாழ்வுகள்

1968 மார்ச் 12 இல் சுதந்திரமடைந்த மொறீசியஸில், 2024 வரையில் பிரதமர் பதவி வகித்தோர் ஐவர் மாத்திரமே. அவர்களுள் நால்வர் இரு குடும்பங்களைச் சேர்ந்தோர்: சிவசாகர் ராம்கூலமும் அவர் மகன் நவீனும், அனிருத் ஜக்நாத்தும் அவர் மகன் பிரவிந்தும். ஐந்தாமவரான போல் பெரன்ஷே 2003 முதல் 2005 வரை, ஈராண்டுக்கும் குறைந்த காலமே, அப்பதவியிலிருந்தார். இந்நாட்டில் ஆளுங்கட்சி தோற்பது அருமையன்று. தோற்றவர் அமைதியாகப் பதவி விலகுவதும் வழக்கமே. ஆட்சி பலமுறை மாறியும் ஆள்வோர் மாறாதிருப்பதன் காரணம் யாது என்பதே இங்கு ஆராயப்படுகின்றது.

காரணத்தின் ஒரு கூறு தேர்தல் முறையிலே உள்ளது. பிரதான தீவு 20 தொகுதிகளாக வகுக்கப்பட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் மூவர் தெரிவாகின்றனர். வாக்காளர் மூன்று வாக்குகளையும் அளித்தாக வேண்டும். இருபெரும் அணிகள் மோதும்போது வாக்குகள் ஒரே பக்கம் சாய, ஆசனங்கள் யாவும் ஓரணிக்கே சென்றுவிடுகின்றன. 1982, 1995, 2024 ஆகிய மூன்று தேர்தல்களிலும் பிரதான தீவின் 60 ஆசனங்களையும் ஒரே கூட்டணி கைப்பற்றியது. இதற்கு ஐந்தில் மூன்று பங்கினைச் சற்றே கடந்த வாக்குகள் போதுமாயிருந்தன. 1977 இல் ஏறத்தாழ அரைவாசி வாக்குகள் ஆறில் ஐந்து பெரும்பான்மையாக உருமாறியதைக் கண்ட நமக்கு இது வியப்பளிக்காது.

இத்தகைய முறையின்கீழ்த் தனித்து நிற்பவருக்கு எதிர்காலமில்லை. கூட்டுச் சேர்பவருக்கோ தோல்வி நிலையானதன்று. 1982 இல் தந்தை ராம்கூலம் தம் சொந்தத் தொகுதியையும் இழந்தார். அடுத்த ஆண்டே வென்றவர்கள் தம்முள் பிளவுற்றனர். பிரதமர் ஜக்நாத் புதிய கட்சியொன்றை அமைத்துத் தொழிற்கட்சியுடன் கூட்டுச் சேர்ந்தார். தோற்கடிக்கப்பட்ட முதியவர் மகாதேசாதிபதியானார். 1995 இல் தொகுதியை இழந்த ஜக்நாத் 2000 இல் மீண்டும் பிரதமரானார். 2014 இலும் 2019 இலும் தோற்ற நவீன் ராம்கூலம் 2024 இல் பிரதமரானார். அவ்வாண்டில் தொகுதியை இழந்தவர் பிரவிந்த் ஜக்நாத். 2017 இல் அவர் பிரதமரானதோ தேர்தல் வாயிலாக அன்று. தந்தை விலகி மகனுக்கு வழிவிட்டார்.

முற்போக்கு வாசகர் கூர்ந்து நோக்கவேண்டியது பெரன்ஷேயின் வரலாற்றையே. 1969 இல் அவரும் தோழர்களும் தொடங்கிய மொறீசியஸ் போராளி இயக்கம், இனவாரி அரசியலை மறுத்து வர்க்க ஒற்றுமையை முன்வைத்தது. 1970 இல் ராம்கூலத்தின் கோட்டையான ட்ரியோலேயில் நடைபெற்ற இடைத்தேர்தலில் அவ்வியக்கத்தின் தேவ் விரசாமி வென்றார். 1971 இல் துறைமுகத் தொழிலாளரின் வேலைநிறுத்தம் நாட்டை உலுக்க, அவசரகாலநிலை பிரகடனமாயிற்று, பெரன்ஷே சிறையிலிடப்பட்டார். 1972 இல் நடந்திருக்க வேண்டிய தேர்தல் 1976 வரை பிற்போடப்பட்டது. அத்தேர்தலில் 70 இல் 34 ஆசனங்களைப் பெற்று இயக்கம் முதலிடம் வகித்தது. எனினும், 28 பெற்ற தொழிற்கட்சி அணியும் 8 பெற்ற டுவாலின் கட்சியும் இணைந்து ஆட்சியைத் தக்கவைத்தன.

அத்தோல்வி கற்பித்த பாடத்தை இயக்கம் அளவுக்கு மிஞ்சிக் கற்றுக்கொண்டதென்றே தோன்றுகிறது. 1991, 2000 இல் ஜக்நாத்துடனும், 1995, 2014, 2024 இல் நவீன் ராம்கூலத்துடனும் அது கூட்டுச் சேர்ந்தது. பிரெஞ்சு வழிவந்த பெரன்ஷே இந்துப் பெரும்பான்மை நாட்டில் பிரதமராக முடியாது என்ற கணிப்பை அவரே ஏற்று, பலமுறை ஓர் இந்துத் தலைவரை முன்னிறுத்தினார். இனவாரி அரசியலை ஒழிக்க எழுந்த இயக்கம் அதன் கணக்கிலேயே காய் நகர்த்திற்று.

அக்கணக்கு யாப்பிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. வேட்பாளர் ஒவ்வொருவரும் இந்து, முஸ்லிம், சீனர், பொதுமக்கள் ஆகிய நான்கனுள் ஒன்றைத் தம் சமூகமாக அறிவித்தல் வேண்டும். போதிய பிரதிநிதித்துவம் பெறாத சமூகங்களுக்காகத் தோற்றோருள் சிறந்தோருக்கு எட்டு ஆசனங்கள்வரை ஒதுக்கப்படுகின்றன. 2012 இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு இவ்வறிவிப்பைக் குறைகூறிற்று. 2014 தேர்தலுக்கு மாத்திரம் தற்காலிக விலக்களிக்கப்பட்டது.

இந்நால்வகையுள் தமிழர் தனித்துக் கணிக்கப்படாது இந்துக்களுள் அடங்குவர். ஆனால், தனிச் சமூகமாக அவர்கள் கிளர்ந்தெழுந்த தருணங்களுமுண்டு. 1998 இல் வெளியான நாணயத் தாள்களில் தமிழெழுத்து ஹிந்திக்குக் கீழே தள்ளப்பட்டமைக்கு எழுந்த எதிர்ப்பினால் அத்தாள்களே மீளப்பெறப்பட்டன. அதிகாரப் பகிர்விலோ அவர்கள் எய்திய உச்சங்கள் பெரும்பாலும் சம்பிரதாயப் பதவிகளே. வீராசாமி ரிங்காடு இறுதி மகாதேசாதிபதியாகவும் 1992 இல் முதலாவது ஜனாதிபதியாகவும் விளங்கினார். அங்கிடி செட்டியார் உப ஜனாதிபதியானார்.

சம்பிரதாயப் பதவியும் ஒருமுறை சோதனைக்குள்ளாயிற்று. 2002 இல் பயங்கரவாதத் தடைச் சட்டமூலம் ஒப்பத்துக்கு வந்தபோது ஜனாதிபதி காசிம் உத்தீம் கையொப்பமிட மறுத்துப் பதவி துறந்தார். அவரிடத்துக்கு வந்த செட்டியாரும் அவ்வாறே மறுத்து விலகினார். பின்னர் பிரதம நீதியரசர் அரிரங்கா பிள்ளை பதில் ஜனாதிபதியாகக் கையொப்பமிட, சட்டம் நிறைவேறிற்று. பதவி துறந்த செட்டியார் 2007 இல் மீண்டும் உப ஜனாதிபதியானார்.